பெரியம்மாவின் பத்து ரூபாய்க் கட்டு

முதல் நாள், சென்னை சென்ட்ரல்

காசிக்குக் கிளம்பிவிட்டோம். நானும் பெரியம்மாவும் மட்டும். பெரியப்பா போய் ஒரு வருடம் ஆகிறது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, கொள்ளி வைத்தவன் நான். கங்கைக் கரையில் காரியம் செய்ய வேண்டியவனும் நானே. திருச்சியில் மருந்துக் கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு வாரத்தில் கடன் நோட்டு எவ்வளவு தடிக்கும் என்று போய்த்தான் பார்க்க வேண்டும்.

பெரியம்மா மணப்பாறையில் கிளம்புவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பத்து ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கிவிட்டார். நூறு நோட்டு, சுற்றிய காகிதம் பிரிக்கவில்லை. அது இப்போது அவர் சுருக்குப் பையில் இருக்கிறது.

"காசிக்குப் போயிட்டு யாருக்கும் குடுக்காம வந்தா அது யாத்திரையாடா? அதுக்காக ஏமாந்துட்டும் வரக்கூடாது."

அவரிடம் ஒரே ஒரு சட்டம். உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுப்பார். எழுந்து நம் பின்னால் வருபவருக்குக் கிடையாது. நல்ல சட்டம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் முடிவெடுக்க ஒரு நொடி போதும்.

அதற்கு முதல் சோதனை சென்ட்ரலிலேயே வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை தொங்கும் பட்டை, நாற்பது வயது இருக்கும். "சார், தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். என் கடையில் கடன் கேட்பவர்களும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், அதனால் காது உடனே நிமிர்ந்துவிட்டது. பர்ஸ் போய்விட்டதாம், போனும் அதோடு போய்விட்டதாம், திருநெல்வேலி போக வேண்டுமாம். 340 ரூபாய் இருந்தால் போதும், அக்கவுன்ட் நம்பர் கொடுத்தால் நாளைக்கே போட்டுவிடுவாராம்.

அந்த 340ஐக் கவனிக்க வேண்டும். 300 என்றால் பிச்சை, 500 என்றால் பேராசை. 340 என்றால் ஏதோ கணக்குப் பார்த்துக் கேட்பது போல இருக்கிறது. போன வருடம் திருச்சி பஸ் ஸ்டாண்டில் இதே மாதிரி ஒருவருக்கு 200 கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அதே ஆள், அதே இடம், அதே பர்ஸ். ஊர் மட்டும் மாறியிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுதான் கொஞ்சம் வலித்தது.

இந்த முறை, "வாங்க சார், கவுன்டர்ல நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்" என்றேன். கவுன்டரில் கூட்டம் என்றார். பரவாயில்லை, எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றேன். சரி, ரயில்வே போலீஸிடமாவது போய்ச் சொல்லலாம், பர்ஸ் கிடைத்தால் கூப்பிடுவார்கள் என்றேன். "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த தூணருகே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அங்கே போய்க் குனிந்து பேச ஆரம்பித்தார். தப்பா நினைக்காதீங்க.

இரண்டாம் நாள், ரயில்

பல்லார்ஷா தாண்டிவிட்டோம். வெயில். எழுத அதிகம் இல்லை.

காலையில் ஒருவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், எல்லோர் மடியிலும் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை வைத்துவிட்டுப் போனார். காது கேட்காது, வாய் பேச வராது, தங்கை கல்யாணம். நம் ஊர் ரயில்களில் இந்த அட்டையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அந்தத் தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் இந்த அட்டை மூன்று மொழியில் இருந்தது, லேமினேட் செய்திருந்தது, திருப்பினால் பின்னால் கியூஆர் கோடு. திரும்பி வந்து அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். உண்மையிலேயே பேச வராதவராக இருந்தால்? இருக்கலாம். இந்த அட்டையிலிருந்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மடியில் ஒரு பொருளை வைத்துவிட்டால் திருப்பிக் கொடுக்கும்போது நமக்குக் கை கூசும். அந்தக் கூச்சத்துக்குத்தான் அட்டை.

மதியம் இரண்டு திருநங்கைகள் வந்தார்கள். பெரியம்மா கேட்காமலே கட்டைப் பிரித்து ஆளுக்குப் பத்து கொடுத்து, தலையில் கை வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

"நடந்து வந்தவங்களுக்குக் குடுத்துட்டீங்களே பெரியம்மா?"

"அவங்க ஆசீர்வாதம் பண்றாங்கடா. வேலைக்குக் கூலி."

சட்டத்தில் உட்பிரிவுகள் இருக்கின்றன போல.

மூன்றாம் நாள், காசி

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம் ஹனுமான் காட் என்ற படித்துறைப் பக்கம் நாங்கள் தங்கப்போகும் மடத்தின் பெயரைச் சொன்னேன். (நாக்பூரில் இரண்டு வருடம் மருந்து ரெப்பாக அலைந்ததில் என் இந்தி ஓரளவு ஓடும்.) அவர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "அதை இடித்துவிட்டார்களே பாயி சாப், காரிடாரில் போய்விட்டது. எனக்குத் தெரிந்த நல்ல லாட்ஜ் இருக்கிறது" என்றார்.

அழகான பொய் என்று இதைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி உண்மை. விசுவநாதர் கோயிலிலிருந்து கங்கைக்கு நேர் வழி போடுவதற்காக நூற்றுக்கணக்கான கட்டடங்களை வாங்கி இடித்ததும், 2021 டிசம்பரில் அதைத் திறந்ததும் செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஹனுமான் காட் அங்கே இல்லை. தசாசுவமேதம், கேதார் காட், அரிச்சந்திரா காட் எல்லாம் தாண்டித் தெற்கே இருக்கிறது. வரைபடத்தை மனதில் ஓட்டி நான் இதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா மடத்துக்குப் போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் ஒரு தமிழ்க் குரல்: "இடிக்கல்லாம் இல்லம்மா, சாம்பார் கொதிச்சிண்டிருக்கு, வாங்கோ."

வேறு ஆட்டோ பிடித்தோம்.

ஹனுமான் காட் சந்துகளில் தமிழ் காதில் விழுகிறது. பாரதியார் பதின்வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் இந்தத் தெருவில்தான். அந்த வீட்டை நாளைக்குப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் ஆரத்தி பார்க்கத் தசாசுவமேதம். நூறு அடி நடப்பதற்குள் ஒருவன் சிரித்துக்கொண்டே கை நீட்டினான். அனிச்சையாக நானும் நீட்டினேன். பிடித்த கையை விடவில்லை. கட்டை விரலால் உள்ளங்கையை அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, முழங்கைக்கு ஏறிவிட்டான். மசாஜாம். மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்று பழகிய தோள், உண்மையில் சுகமாகத்தான் இருந்தது. 300 ரூபாய் கேட்டான். யார் செய்யச் சொன்னது என்று கேட்டதற்கு, "வேண்டாம் என்றும் சொல்லவில்லையே" என்றான். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. 50 கொடுத்தேன். இனிமேல் இங்கே கை நீட்டினால் நான் கும்பிடுவேன். கும்பிடும் கையைப் பிடித்து இழுப்பது கஷ்டம்.

இதைவிட நுட்பமானது அடுத்தது. படியில் ஒரு பண்டா, அதாவது கரைப் புரோகிதர், இலைத் தொன்னையில் பூவும் விளக்கும் வைத்து விற்றார். பத்து ரூபாய்தான். வாங்கினேன். விளக்கை விடுவதற்கு முன் ஒரு சங்கல்பம் செய்துகொள் என்று என் வலது உள்ளங்கையில் தண்ணீரும் பூவும் அட்சதையும் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். அப்பா பெயர், பெரியப்பா பெயர், ஊர், கங்கா மாதா, விசுவநாதர். அந்த ஓட்டத்திலேயே, சுருதி மாறாமல், "கியாரா சௌ ருப்யா பிராமண போஜன்" என்று வந்தது. நானும் "கியாரா சௌ ருப்யா" என்று பக்தியோடு சொல்லி முடித்தேன்.

1,100 ரூபாய். கையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது, கண்ணெதிரே கங்கை, வாயில் பெரியப்பாவின் பெயர். அந்த நேரத்தில் பேரம் பேசினால் நாம் மனிதனே இல்லை என்று நமக்கே தோன்றும். "கங்கையிடம் வாக்குக் கொடுத்துவிட்டாய்" என்றார் பண்டா, அமைதியாக.

பெரியம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் என் உள்ளங்கையைப் பிடித்துத் தண்ணீரை ஆற்றில் கவிழ்த்தார். "கங்கைகிட்டதானே சொன்ன? அவகிட்டயே தீத்துக்கலாம், இவருக்கு என்ன?" பூவுக்குப் பத்து, மந்திரத்துக்குப் பத்து எண்ணிப் பண்டாவின் தட்டில் வைத்தார். அவர் உட்கார்ந்துதான் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆரத்தி நன்றாக இருந்தது.

நான்காம் நாள், மணிகர்ணிகா

காலையில் காரியம் முடிந்தது. மடத்தில் சொல்லி வைத்த தமிழ் வாத்தியார், முன்னாலேயே தொகை பேசியாயிற்று, தட்சிணை தனி, அதுவும் எவ்வளவு என்று பேசியாயிற்று. ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. பெரியம்மா பிண்டம் கரைவதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

மதியம் அவர் படுத்ததும் நான் மட்டும் கரையோரமாகவே மணிகர்ணிகா வரை நடந்தேன். விறகு வீடு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது. படகில் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆள் நிற்கும் அளவுக்குத் தட்டு வைத்த இரும்புத் தராசு, கறுத்துப்போன எடைக்கற்கள். எரிகிற சிதைகளுக்கு நடுவே ஆடுகள் சாமந்தி மாலையைத் தின்றுகொண்டிருக்கின்றன. சந்துக்குள்ளிருந்து "ராம் நாம் சத்ய ஹை" என்று அடுத்த பாடை வருகிறது. அழுகைச் சத்தம் இல்லை.

"போட்டோ எடுக்காதே!" என்று ஒரு அதட்டல். வெள்ளைக் குர்தா, முப்பது வயது. என் போன் சட்டைப் பையில் இருந்தது, நான் தொடக்கூட இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்டேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டேனே, அங்கேயே ஆட்டம் முடிந்துவிட்டது. அது அப்போது தெரியவில்லை. அவன் உடனே இளகினான். பரவாயில்லை, நீங்கள் நல்லவர், வாருங்கள் விளக்குகிறேன் என்றான். நான் கைடு இல்லை, பணம் வேண்டாம், இங்கே சேவை செய்கிறேன் என்றான்.

அவன் சொன்னதெல்லாம் உண்மை. இந்த நெருப்பு அணைவதே இல்லை என்பது ஐதிகம், டோம் சமூகத்தார் கொடுக்கும் நெருப்பில்தான் சிதை மூட்ட வேண்டும், ஒரு உடலுக்குச் சுமார் 300 கிலோ விறகு, மூன்று மணி நேரம். ஏழைகளுக்கு விறகு வாங்கக் காசு போதாது என்பதும் உண்மைதான். பேசிக்கொண்டே ஒரு குறுகலான படிக்கட்டில் ஏற்றி, பழைய கட்டடம் ஒன்றின் மாடத்துக்குக் கூட்டிப் போனான். சுவரெல்லாம் புகைக் கரி. மேலே இரண்டு பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். சாவதற்காகக் காசிக்கு வந்து காத்திருப்பவர்கள், இவர்களுக்கு விறகு சேர்க்கத்தான் சேவை என்றான்.

ஒரு பாட்டி கையைத் தூக்கி என் தலையில் வைத்தார். காகிதம் மாதிரி எடையே இல்லாத கை. மணிக்கட்டில் ஒற்றை பிளாஸ்டிக் வளையல், அது முழங்கை வரை வழிந்து போய்விட்டுத் திரும்பி வந்தது.

"விறகு கிலோ 650 ரூபாய். நேற்று ஒரு வெள்ளைக்காரர் ஐம்பது கிலோ கொடுத்தார். நீங்கள் எத்தனை கிலோ?"

இந்தக் கேள்வியின் வெட்டு இங்கேதான். கொடுப்பாயா என்று கேட்கவில்லை. எத்தனை கிலோ. செத்தவர் ஒருவருக்கு ஒரு கிலோ விறகுகூடக் கொடுக்கமாட்டாயா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. 500 எடுத்துக் கொடுத்தேன். பாட்டி கையில் தனியாக 100 வைத்தேன். இறங்கினால் படிக்கட்டில் இரண்டு பேர் குறுக்கே நின்றார்கள். 500க்கு ஒரு கிலோகூட ஆகாது, பாதிக் கிலோ தானம் பாவம், கர்மா கெட்டுப்போகும் என்று ஆரம்பித்தார்கள். சுவர் முதுகில் இடித்தது. நான் தமிழில், கடைக்குள் சண்டை வந்தால் போடும் குரலில், "வழி விடுங்கப்பா!" என்று கத்தினேன். அதற்கு அவர்கள் அசையவில்லை. ஆனால் அதே நேரம் சந்தில் ஒரு பாடை வந்தது. பாடைக்கு எல்லோரும் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், அவர்களும் ஒதுங்கினார்கள். நான் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன். ஊர் பேர் தெரியாத ஒருவரின் கடைசி ஊர்வலத்தில் இருபது முப்பது அடி நானும் போயிருக்கிறேன். ராம் நாம் சத்ய ஹை என்று வாய் தானாகச் சொன்னது.

தராசுக்காரரிடம் போய் விறகு விலை கேட்டேன். இங்கே மன் கணக்கு, ஒரு மன் 40 கிலோ. 650 என்றதும், "கிலோவா?" என்று பக்கத்து ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். அந்தக் காசுக்குச் சாதா விறகு நான் கட்டுக் கட்டாகத் தருவேன் என்றார். கடைக்காரப் புத்தி அப்போதுதான் விழித்தது. 650 பெருக்கல் 300, ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். அப்படியானால் இங்கே எரிகிற ஒவ்வொருவரும் இரண்டு லட்ச ரூபாயில் எரிய வேண்டும். நாளெல்லாம் பில் போடுகிறவன், இந்தப் பெருக்கலை மாடத்தில் போட்டிருக்கக் கூடாதா?

ராத்திரி பெரியம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அரிச்சந்திரன் இதே ஊர்லதானே மயானம் காத்தான்? பெத்த புள்ளைய எரிக்க வந்த பொண்டாட்டிகிட்டயே கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசின்னு கேட்டான். அது கணக்கு. அதுக்கு மேல ஒரு அரிசி கேக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கிழவிக்கு எவ்வளவு குடுத்த?" என்றார்.

"நூறு."

"அதை அவ கையில விட்டு வச்சிருப்பாங்களா?"

தெரியவில்லை. 500க்கு எரிச்சல் இன்னும் இருக்கிறது. அந்த 100க்கு இல்லை.

ஐந்தாம் நாள், கோதௌலியா

பாரதி வீடு பார்த்தோம். கேதார் காட்டின் சிவப்பு வெள்ளைப் பட்டைப் படிகளில் உட்கார்ந்து பெரியம்மா ஏழெட்டு நோட்டுகளைக் காலி செய்தார்.

மதியம் கோதௌலியா சந்திப்பில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். காசு வேண்டாம், காசே வேண்டாம் என்றுதான் தொடங்கினாள். குழந்தைக்குப் பால்மாவு மட்டும் வாங்கிக் கொடுங்கள். காசு வேண்டாம் என்று சொன்னதும் நம் கதவு பாதி திறந்துவிடுகிறது, பொய் சொல்கிறவள் காசைத்தானே கேட்பாள்? பக்கத்தில் இரண்டு கடை இருக்க, சந்துக்குள் மூன்றாவது கடைக்குத்தான் கூட்டிப் போனாள். கடைக்காரர் கேட்காமலே தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். 900 ரூபாய்.

இதில் மட்டும் என்னை ஏமாற்ற முடியாது. பதினாறு வருடமாகப் பால்மாவு விற்கிறேன். டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் எம்.ஆர்.பி. அச்சிட்ட இடம் சுரண்டியிருந்தது. பிடிக்கிற இடத்தில் லேபிள் தேய்ந்து தகரம் மின்னியது. என் கடையில் புது டப்பா இப்படி இருக்காது. இந்த டப்பா எத்தனை முறை விற்றுப் போய், அடுத்த பத்து நிமிடத்தில் அதே தட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறதோ. கடைக்காரருக்குப் பாதி, இவளுக்குப் பாதி. அல்லது இவளுக்கு அதுவும் இல்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் டப்பாவைப் பார்க்கவே இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று எதிர்ப் பக்கம் போனார். அங்கே பெரிய இரும்புக் கடாயில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. மண் குவளையில் ஒன்று வாங்கி, இன்னொரு காலிக் குவளையும் வாங்கி, மாற்றி மாற்றி ஆற்றினார். விரலை விட்டுச் சூடு பார்த்தார். குழந்தையின் வாயருகே வைத்தார்.

குழந்தை குடித்தது. இரண்டு கையாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், மூக்கு குவளைக்குள் போகும்வரை குடித்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பெண் ஒரு தடவை சந்துக்குள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குழந்தையின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டு, அங்கேயே கடைப் படியில் உட்கார்ந்தாள்.

பெரியம்மா சுருக்குப் பையை அவிழ்த்தார்.

"என்ன பெரியம்மா?"

"உட்கார்ந்துட்டாள்ல" என்றார்.

ஆறாம் நாள், திரும்பும் ரயிலில்

பிளாட்பாரத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். "அண்ணே, தமிழா?" என்று ஒரு குரல். இருபது வயதுப் பையன், செம்மண் கறை ஏறிய பை. "போன் திருடு போயிருச்சுங்ண்ணா..."

ஐந்து நாளில் என் முகத்துக்கு ஒரு பயிற்சி கிடைத்திருந்தது. அவனைப் பார்க்காமலே, "போலீஸ்ல போய்ச் சொல்லுப்பா" என்றேன். சரிங்ண்ணா என்று போய்விட்டான். போய்த் தூணோரம் பையை வைத்து உட்கார்ந்தான். வேறு யாரிடமும் போகவில்லை. பெரியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

எடப்பாடிப் பக்கம். போர் வண்டியில் வேலை. நம் திருச்செங்கோட்டுப் பக்க ஆழ்துளை லாரிகள் வடநாடு பூராவும் சுற்றுகின்றன, அதில் ஒன்றில் இங்கே வந்தவன் லீவில் ஊருக்குப் போகிறான். டிக்கெட் போனுக்குள் இருக்கிறது. சட்டைப் பையில் ஆதார் அட்டை மட்டும் தப்பியது. அவன் காசே கேட்கவில்லை. அம்மாவுக்கு ஒரு போன் பண்ண வேண்டும், அவ்வளவுதான். போனை அவன் கையில் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நம்பரைச் சொல்லச் சொல்லி நானே அடித்தேன், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நான் காசியிலருந்து பேசறேன். உங்க பையன் என் பக்கத்துலதான் இருக்கான். அவன் போன் தொலைஞ்சு போச்சு..."

"யாருடா நீ? போன வாரம்தான் எங்க பக்கத்தூட்டுல இப்படியே பேசி இருபதாயிரம் உருவிட்டானுங்க. வைடா போனை!"

வைத்துவிட்டார். நான் பையனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் சொன்ன வாக்கியத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன். தெரியாத நம்பர், தூர ஊர், தொலைந்த போன், பக்கத்தில் மகன். சென்ட்ரலில் பார்த்த அந்த இஸ்திரிச் சட்டைக்காரர்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லவில்லை.

இரண்டாவது முறை அவனைப் பேசவிட்டேன். குரல் வேற மாதிரி இருக்கு என்றார் அம்மா. "நம்மூட்டு நாய் பேரு என்ன, சொல்லு பாக்கலாம்."

"எந்த நாயிம்மா, செத்ததா, இப்ப இருக்கறதா?"

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அழுகை. "சாப்டியா சாமி?"

மீதியெல்லாம் சீக்கிரம் நடந்தது. சிம்மை முடக்கச் சொல்லி மாமா பையனிடம் சொன்னார்கள். ரயில்வே போலீஸில் எழுதிக் கொடுத்தோம். டிடிஇ ஆதாரைப் பார்த்துத் தன் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து அவன் பெர்த்தைக் காட்டிவிட்டார். அவனுக்கு ஸ்லீப்பர், எங்களுக்கு ஏசி, நடுவே எட்டுப் பெட்டி. பெரியம்மா மடத்தில் கட்டி வாங்கிய புளியோதரையில் ஒரு பொட்டலத்தையும் ஐம்பது ரூபாயையும் அவன் கையில் திணித்தார். ஐந்து பத்து ரூபாய் நோட்டாகத்தான்.

இப்போது ராத்திரி பத்தரை. சத்னா தாண்டிவிட்டோம். சற்று முன் என் போன் அடித்தது, எடப்பாடி நம்பர்.

"தம்பி, காலைல பேசுனதுக்கு மனசுல வச்சுக்காதீங்க. அவன் சாப்ட்டானுங்ளா?"

இருங்கம்மா என்று சொல்லிவிட்டு எட்டுப் பெட்டியையும் தாண்டிப் போனேன். தூங்கும் கால்கள், கக்கூஸ் வாசலில் படுத்தவர்கள், ஆடும் இணைப்புகள். பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். இலைப் பொட்டலம் காலி. திரும்பி வந்து கூப்பிட்டுச் சொன்னேன்.

"கண்ணுல பாத்தீங்ளா?"

"பார்த்தேம்மா."

கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுங்ளா?"

மறுபடியும் எட்டுப் பெட்டி.